வெயிலை நம்பிக் கட்டிய ஊர்: சென்-வெரான் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஆல்ப்ஸ் மலைக் கிராமம் என்றதும் பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடு, பின்னால் ஒரு பனிச் சிகரம் என்று காலண்டர் படம் ஒன்று மனசில் வந்து நிற்கும். பிரான்சின் சென்-வெரானுக்குப் போனால் அதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஊரைப் பார்க்கும் யாருக்கும் முதலில் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,040 மீட்டர் உயரத்தில், வருடத்தில் பாதிக்குப் பாதி பனி மூடிக் கிடக்கிற ஒரு சரிவில் போய் உழுது விதைத்துக் குடும்பம் நடத்த எப்படித் துணிந்தார்கள்?

வெயிலை நம்பித்தான். வீடு, தெரு, சுவர், மலை உச்சியில் இருக்கிற தொலைநோக்கி என்று அந்த ஊரில் எதைத் தொட்டாலும் கடைசியில் வெயிலில்தான் வந்து முடிகிறது.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையை ஒட்டி, ஓத்-ஆல்ப் மாவட்டத்தில் கெராஸ் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. கில் என்ற ஆறும் அதில் வந்து சேரும் ஓடைகளும் அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள்தான் கெராஸ். அப்படிப்பட்ட ஓடைகளில் ஒன்றான எக் பிளான்ஷுக்கு மேலே உள்ள சரிவில் சென்-வெரான் இருக்கிறது. கெராஸுக்குள் நுழைய மூன்று வழி: கீழே கியெஸ்த்ர் ஊரிலிருந்து ஆற்றோடு ஒட்டி ஏறும் குறுகலான மலையிடுக்குச் சாலை, வடக்கே 2,360 மீட்டரில் இசோவார் கணவாய், கிழக்கே இத்தாலிப் பக்கம் இறங்கும் 2,744 மீட்டர் உயர ஆன்யெல் கணவாய். கணவாய்கள் இரண்டும் குளிர்காலத்தில் மூடிவிடும். அப்புறம் மிஞ்சுவது அந்த மலையிடுக்கு ஒன்றுதான். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1957 ஜூனில் இத்தாலிப் பக்கமிருந்து வந்த பெருமழையும் உருகிக்கொண்டிருந்த பனியும் ஒன்றாகச் சேர்ந்து, கில் ஆறு கரை உடைத்துப் பாலங்களையும் சாலையையும் அடித்துக்கொண்டு போனதை அந்தப் பகுதியில் இன்னும் பேசுகிறார்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகம் கெராஸை எட்டுவதற்கு முன் மேற்கே எக்ரான் மலைத்தொகுதியைத் தாண்ட வேண்டும். அதன் உச்சி 4,102 மீட்டர். அங்கேயே மழையையும் பனியையும் கொட்டிவிட்டு, மிச்சம் மீதிதான் இந்தப் பக்கம் வரும். அதனால் கெராஸ் வறண்ட, தெளிந்த வானம் உள்ள பகுதி. வருடத்துக்கு 300 நாள் வெயில் என்று சுற்றுலாக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். விளம்பரத்துக்கு உரிய தள்ளுபடியைக் கழித்தாலும் அது பெரிய எண்தான்.

அடுத்தது, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. ஆல்ப்ஸில் எந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தாலும் இது ஒன்றைக் கவனியுங்கள்: தெற்கு நோக்கிய சரிவில் வீடும் வயலும் இருக்கும், எதிரே வடக்கு நோக்கிய சரிவில் காடு இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போவதால் வடக்குச் சரிவில் பல வாரம் வெயிலே விழாது, தெற்குச் சரிவிலோ பனி சீக்கிரம் உருகும். சென்-வெரான் தென்மேற்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறது. வீடுகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்காமல், சரிவின் குறுக்கே நீளமாகக் கோடு போட்டது போல நிற்கின்றன. கூட்டமாகக் கட்டினால் முன் வீட்டின் நிழல் பின் வீட்டில் விழும். இங்கே நிழல் என்பது நஷ்டம்.

பாறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கெராஸின் பெரும்பகுதி, தகடு தகடாகப் பிரியும் பளபளப்பான ஒருவகைப் பாறையால் ஆனது. சுமார் பதினாறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்கும் இன்றைய இத்தாலி இருக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே விரியத் தொடங்கிய ஒரு கடலின் அடியில் படிந்த சேறுதான் அது. பிறகு கண்டங்கள் நெருங்கியபோது அந்தக் கடல் மூடிக்கொண்டது, அதன் தரை மடங்கி நசுங்கி மேலே வந்தது. இந்தப் பாறை மென்மையானது, சுலபமாகச் சிதைந்து மண்ணாகும். அதனால் செங்குத்தான பாறைச் சுவர்களுக்குப் பதிலாகச் சற்றே சாய்வான, புல் முளைக்கிற சரிவுகள் 2,000 மீட்டருக்கு மேலேயும் கிடைத்தன. வெயில் மட்டும் இருந்து மண் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

உயரம் பற்றி ஒரு சின்னச் சண்டை. “ஐரோப்பாவிலேயே மிக உயரமான ஊர்” என்று சென்-வெரான் தன்னைச் சொல்லிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் யூஃப் என்ற குடியிருப்பு 2,126 மீட்டரில் இருக்கிறது, இத்தாலிக்காரர்கள் திரெபாலேயைக் காட்டுவார்கள். அதற்கு சென்-வெரானின் பதில், அவையெல்லாம் வேறு ஊராட்சியைச் சேர்ந்த சிற்றூர்கள், நாங்கள் தனி ஊராட்சி என்பது. அளவுகோலை யார் கையில் எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயிக்கிற போட்டி இது. பிரான்சுக்குள் அதன் பட்டத்தைப் பறிக்க ஆள் இல்லை என்பதோடு விட்டுவிடலாம். “சேவல்கள் நட்சத்திரத்தைக் கொத்தும் ஊர்” என்று அங்கே ஒரு பழைய பேச்சு உண்டு, பட்டத்தைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி வீடுகள். இந்த ஊருக்குப் போகிறவர்கள் அதிக நேரம் நிற்க வேண்டியது இங்கேதான்.

ஒரு பழைய சென்-வெரான் வீடு இரண்டு வேறு கட்டடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தது போலத் தெரியும். கீழே தடித்த கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல். மேலே முழுக்க மரம். லார்ச் மரத்தின் தண்டுகளைப் படுக்கவைத்து, மூலைகளில் வெட்டுப் போட்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்து அடுக்கியிருப்பார்கள். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி எல்லா ஊசியையும் உதிர்த்துவிடும். அதன் கட்டையில் பிசின் அதிகம், லேசில் மக்காது. கூரையும் பல வீடுகளில் லார்ச் பலகைதான், சிலவற்றில் கல் தகடு. நூற்றாண்டுக் கணக்கில் வெயில் பட்ட மரம் கருஞ்சிவப்பாகி, சில சுவர்கள் தீயில் வாட்டியது போல இருக்கின்றன.

கல் பகுதியில் மனிதர்கள் இருந்தார்கள். மனிதர்கள் மட்டும் இல்லை, மாடும் ஆடும் அதே அறையில்தான். ஒரு பக்கம் தொழுவம், இன்னொரு பக்கம் மேசையும், பலகை அடைத்த பெட்டி மாதிரியான கட்டிலும். காரணம் வறுமை மட்டும் இல்லை. அந்த உயரத்தில் விறகு வெட்டிச் சுமந்து வருவது பெரிய பாடு, காடும் சீக்கிரம் மீளாது. நாலைந்து மாடுகளின் உடல் சூடு இரவு முழுக்கச் செலவில்லாமல் கிடைக்கும் அடுப்பு. மேலே மரப் பகுதி முழுக்கக் கோடையில் அறுத்து உலர்த்திய புல்லை நிரப்பிவிடுவார்கள். அது குளிர்காலத் தீவனமும் ஆச்சு, கீழே உள்ள சூடு மேலே போகாமல் தடுக்கும் போர்வையும் ஆச்சு. குளிர்காலம் போகப் போக மாடு தின்று போர்வை மெலியும், அதற்குள் வெளியே குளிரும் குறையத் தொடங்கும். கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள்.

வெளியே தெற்குப் பக்கம் அடுக்கடுக்காக நீண்ட பால்கனிகள். பூந்தொட்டி வைக்கக் கட்டியவை அல்ல. இங்கே விளைந்தது ரை தானியமும் பார்லியும். ஒரு கோடையின் முடிவில் விதைத்த ரை அடுத்த கோடையின் முடிவில்தான் அறுப்புக்கு வரும், அப்போதும் சில வருடம் முழுசாக முற்றியிருக்காது. பனி விழுவதற்குள் அறுத்தே ஆக வேண்டும் என்பதால், கதிர்க்கட்டுகளைக் கொண்டுவந்து பால்கனியில் அடுக்கி, மிச்சப் பழுப்பை அங்கே விழும் வெயிலில் முடித்தார்கள். வயலில் நடக்க வேண்டிய கடைசி வேலை வீட்டுச் சுவரில் நடந்தது. அந்த ரையை அரைத்து, பொது அடுப்பில், வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் ரொட்டி சுடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக அடுப்பு மூட்டினால் விறகு கட்டுப்படியாகாது. மாதக் கணக்கில் வைத்திருந்த ரொட்டி கல்லாக இறுகிவிடும், அதை வெட்ட ஒரு முனை பலகையில் மாட்டிய தனிக் கத்தியே இருந்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க இரண்டு வீடுகளை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். லெ சூம் என்பது 1641-இல் கட்டியது, ஊரின் மிகப் பழைய வீடு. இன்னொன்று, மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ் 1976 வரை வாழ்ந்த வீடு. ஆமாம், 1976. விண்வெளிக்கு மனிதன் போய் வந்து வருடங்கள் ஆன பிறகும் இங்கே ஒரு குடும்பம் மாட்டுச் சூட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை மரமும் உலர்ந்த புல்லும் இருக்கிற ஊரில் பெரிய பயம் தீ. ஊர் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்திருப்பது அதனால்தான். வில்லார், லா வீல், ஷாத்லே, பியேர் பெல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, நடுவே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள், அதில் யாரும் கட்டக்கூடாது. ஒரு பேட்டை எரிந்தால் அடுத்தது தப்பட்டும் என்ற ஏற்பாடு. பேட்டைக்குப் பேட்டை மரத்தொட்டியில் விழும் நீரூற்று, பொது அடுப்பு, ஓர் உயரமான மரச் சிலுவை. அந்தச் சிலுவைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: ஆணி, சுத்தியல், ஏணி, ஈட்டி, சேவல் என்று ஏசுவின் பாடுகளில் வரும் பொருள்கள் ஒவ்வொன்றையும் செதுக்கி மாட்டியிருப்பார்கள்.

அப்புறம் சுவர்களை அண்ணாந்து பார்த்தால் சூரியக் கடிகாரங்கள். சின்ன ஊருக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றும் அளவுக்கு. இவற்றில் பிரசித்தமானவை ஜொவான்னி பிரான்செஸ்கோ ஸர்புலா வரைந்தவை. இத்தாலியின் பியெமோன்தே பகுதிக்காரர், 1830-களிலிருந்து பல பத்தாண்டுகள் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராக நடந்து சூரியக் கடிகாரம் வரைந்து பிழைத்தவர். பளிங்கு போலத் தோன்றும் போலிச் சட்டம், பூச்சாடி, அப்புறம் ஆல்ப்ஸில் யாரும் கண்டிராத வெளிநாட்டுப் பறவைகள் என்று அவர் கை தனியாகத் தெரியும். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே வரைய வேண்டும், அது காய்வதற்குள் கணக்கும் படமும் முடிய வேண்டும். காய்ந்தபின் வண்ணம் சுவரோடு சேர்ந்துவிடும், அதனால்தான் இத்தனை பனிக்காலம் தாண்டியும் மிஞ்சியிருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்பது சுலபம். சுவரிலிருந்து சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பூமியின் அச்சுக்கு இணையாக, அதாவது துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதை ஊரின் அட்சரேகை தீர்மானிக்கும். சென்-வெரான் ஏறக்குறைய 45 பாகை வடக்கில் இருப்பதால் கம்பி செங்குத்துக்கும் படுக்கைக்கும் சரி நடுவே நிற்கும். சுவர் நேர்த் தெற்கு பார்த்தால் மணிக்கோடுகள் இரு பக்கமும் சமமாக விரியும். கொஞ்சம் மேற்கே திரும்பிய சுவர் என்றால் கோடுகள் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் அகலும். ஆகவே ஒரு சுவருக்குப் போட்ட கணக்கு இன்னொன்றுக்கு உதவாது. ஸர்புலாவின் பிழைப்பே அதில்தான் இருந்தது.

அங்கே போய் நின்று கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு “பழுதாகிவிட்டது” என்று சொல்பவர்கள் நிறைய. பழுது ஒன்றும் இல்லை. பிரான்சின் அதிகார நேரம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 15 பாகைக் கோட்டுக்கு உரியது, சென்-வெரான் இருப்பதோ ஏழு பாகைக்குச் சற்றே குறைவில். ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால் வித்தியாசம் சுமார் 32 நிமிடம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் அது ஒன்றரை மணி நேரமாகிவிடும். போதாக்குறைக்கு, பூமியின் பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் பருவத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் வரை கூடும் குறையும். ஜூலையில் உங்கள் கைபேசி ஒன்று முப்பத்தெட்டு காட்டும்போது சுவரில் நிழல் பன்னிரண்டில் நிற்கும். ஊருக்கு உண்மையான நண்பகல் அதுதான்.

வரலாறு என்று பார்த்தால் இந்த ஒதுக்குப்புறம் ஆச்சரியமாக விவரமானது. 1343 மே 29 அன்று பிரியான்சோன் வட்டாரத்து ஊர்கள் தங்கள் பிரபுவான இரண்டாம் உம்பேரிடம் 12,000 பொன் நாணயமும், வருடா வருடம் 4,000-மும் தருவதாகச் சொல்லி, சுதந்திரத்தை விலைக்கு வாங்கின. கடனில் மூழ்கியிருந்த பிரபுவுக்குப் பணம் தேவை, மலைக்காரர்களுக்கு யாரும் தலையிடாமல் இருந்தால் போதும். கெராஸ் உட்பட ஐந்து வட்டாரங்கள் தங்களுக்குள் வரியைப் பங்கிட்டு, தங்கள் ஆட்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து நிர்வாகம் நடத்தின. 1349-இல் அந்தப் பிரதேசமே பிரெஞ்சு அரசின் கைக்குப் போனபோதும் சாசனம் பிழைத்தது. 1713-இல் உட்ரெக்ட் ஒப்பந்தம் மலை முகட்டை எல்லையாக்கி மூன்று வட்டாரங்களை மலைக்கு அந்தப் பக்கத்து அரசான சவோய்க்குக் கொடுத்தது, மீதி பிரெஞ்சுப் புரட்சி வரை ஓடியது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதுவரை அயலார் இல்லை, சம்பந்திகள்.

வரிக் கணக்கையும் ஒப்பந்தத்தையும் தாங்களே பார்க்க வேண்டியிருந்ததால் எழுத்தறிவு இங்கே அதிகம். குளிர்காலத்தில் வேலை இல்லாத ஆண்கள் கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கி, தொப்பியில் இறகு செருகிக்கொண்டு வாத்தியார் வேலைக்கு நிற்பார்களாம். வாசிக்க மட்டும் கற்பிப்பவருக்கு ஓர் இறகு, கணக்கும் சேர்ந்தால் இரண்டு, லத்தீனும் தெரிந்தால் மூன்று. சம்பளம் இறகுக்கு ஏற்றபடி. பதினாறாம் நூற்றாண்டில் புரோட்டஸ்டண்ட் மதம் இங்கே வேகமாகப் பிடித்ததற்கு இந்த வாசிப்புப் பழக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி புரோட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையை ரத்து செய்ததும் கெராஸிலிருந்து பலர் மலை தாண்டி ஓடினார்கள். மிஞ்சியவர்களின் ஆலயம் இன்றும் இருக்கிறது, கத்தோலிக்கத் தேவாலயமும் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தின் வாசல் தூண்களைத் தாங்கும் கற்சிங்கங்களைத் தவறவிடாதீர்கள், முகம் பாதி தேய்ந்து நாய்க்குட்டி போல ஆகிவிட்டன.

இன்னும் பழையது ஊருக்கு மேலே, குளோசி பக்கம் உள்ள செம்புச் சுரங்கம். பழைய கடல்தரையோடு வந்த செம்புக் கனிமத்தை, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்தின் தொடக்கத்தில், பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி உடைத்துத் தோண்டியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் நவீனச் சுரங்கம் நடந்து 1961-இல் மூடியது. அந்தப் பாதையில் மேலே போனால் குளோசி தேவமாதா சிற்றாலயம். ஜூலை 16 அன்று இத்தாலிப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் கணவாய் ஏறி வந்து, இரண்டு நாட்டாரும் சேர்ந்து திருவிழா நடத்துகிறார்கள். 1713-இல் போட்ட கோடு அன்றைக்கு ஒரு நாள் கணக்கில் வராது.

ஊர்ப் பெயருக்குரிய வெரான் ஆறாம் நூற்றாண்டில் தென் பிரான்சின் கவாயோன் ஊரில் ஆயராக இருந்தவர். வோக்ளூஸ் நீரூற்றில் குடியிருந்த ஒரு பறக்கும் பாம்பை அவர் காயப்படுத்த, அது ஆல்ப்ஸை நோக்கிப் பறந்து இங்கே வந்து விழுந்து செத்தது என்பது கதை. வழியில் பன்னிரண்டு சொட்டு ரத்தம் விழுந்த இடங்கள், சமவெளியிலிருந்து கோடை மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டி வந்த இடையர்கள் தங்கிய இடங்கள் என்றும் சொல்வார்கள். வரைபடம் கையில் இல்லாத காலத்தில் வழியை நினைவு வைக்க இதைவிட நல்ல உபாயம் எது?

தெளிந்த வானத்தைத் தேடி விஞ்ஞானிகளும் வந்தார்கள். ஊருக்கு மேலே 2,900 மீட்டரைத் தாண்டிய ஷாத்தோ ரெனார் முகட்டில் 1974-இல் பாரிஸ் வானாய்வகம் ஒரு கூடம் கட்டியது. முதல் நோக்கமே சூரியன்தான், அதன் வெளிப்புற ஒளிவட்டத்தை ஆராய. பிறகு அது கைவிடப்பட்டு, 1990 முதல் ஆர்வலர் சங்கம் ஒன்று 62 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு நடத்துகிறது. கீழே ஊரில் சூரியனைப் பற்றியே ஒரு காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பாரிஸிலிருந்து பிரியான்சோன் போகும் இரவு ரயிலில் மோன்-தோஃபென் கியெஸ்த்ர் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் ஏற வேண்டும். பருவகாலத்தில் வெளியூர்க் கார்களை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடக்கச் சொல்வார்கள், நல்லதுதான். கெராஸைச் சுற்றி வரும் நெடுநடைப் பாதையும் இந்த ஊர் வழியாகப் போவதால் ஜூலை, ஆகஸ்டில் படுக்கை கிடைப்பது கஷ்டம். இருநூறு சொச்சம் பேர் வாழும் ஊர், அந்த இரண்டு மாதம் மட்டும் திணறும். எனக்குக் கேட்டால் அக்டோபர் முதல் பாதியைச் சொல்வேன்: லார்ச் காடு முழுக்கப் பொன்னாக இருக்கும், கூட்டம் இருக்காது. கடைகளும் விடுதிகளும் பாதி மூடியிருக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆன்யெல் கணவாய் வழியாக இத்தாலிக்கு இறங்கும் எண்ணம் இருந்தால், சாலை இன்னும் திறந்திருக்கிறதா என்று புறப்படும் அன்று காலையில் விசாரித்துவிடுங்கள்.